நாலாம் சுற்று மாப்பிள்ளை

எழுபதுகளின் நடுப்பகுதியில் நாங்கள் கிளேட்டனில் ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். என் கணவர் பல்கலைக்கழகத்தில் மண் பொறியியலில் ஆராய்ச்சி செய்தார். நான் வீட்டில் இருந்துகொண்டு எல்லாவற்றோடும் கோபித்துக்கொண்டிருந்தேன். மார்கழியில் வெயில் கொளுத்தியது ஒரு கோபம், கறிவேப்பிலை கிடைக்காதது இன்னொரு கோபம். வீட்டின் பின்வளவில் தனியாக ஓர் அறை இருந்தது. மெல்பேர்ன்காரர் அதைப் பங்களோ என்பார்கள். பெயரைக் கேட்டு ஆசையோடு போய்ப் பார்த்தால் உள்ளே ஒரு கட்டில், ஒரு மேசை, தலைக்கு மேலே தகரம். அந்தத் தகரத்தின் கீழே ஒரு கனடாக்காரனைக் கொண்டுவந்து வைத்தார் என் கணவர். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பொடியன் அமெரிக்காவில் படிப்பை முடித்துவிட்டு, என் கணவரின் பேராசிரியரிடமே ஆராய்ச்சி செய்ய வந்தவன். கிறிஸ்மஸ் விடுமுறைக்கு மாணவர் விடுதியைப் பூட்டிவிட்டார்கள், அவனுக்குப் போக இடமில்லை என்று கணவர் காரணம் சொன்னார். நான் அவன் முன்னாலேயே தமிழில் ஏசினேன். அவன் அதைச் சாப்பாட்டு உபசாரம் என்று நினைத்திருக்க வேண்டும். கண்ணில் தண்ணீர் வழிய வழிய என் மீன்குழம்பைச் சாப்பிட்டு, சாப்பாட்டுக் கோப்பையை நீட்டி இன்னும் சோறு கேட்டான். மூக்கு முட்டச் சாப்பிடுகிற பிள்ளையோடு எவ்வளவு நேரம்தான் கோபிப்பது? வீட்டுக்கு வந்துபோன தமிழ் மாணவர்களைப் பார்த்து அவனும் என்னை அக்கா என்று கூப்பிடத் தொடங்கியதோடு பின்வளவு அவனுடையதாகிவிட்டது.

ஒன்று சொல்லிவிட வேண்டும். அவன் பேசியது ஆங்கிலம். நான் அதை என் வீட்டுத் தமிழில்தான் நினைவு வைத்திருக்கிறேன். ஆகவே இங்கே அந்தக் கனடாக்காரன் சுத்த யாழ்ப்பாணத்தானாகக் கதைத்தால் குற்றம் என்னுடையது.

அவனுடைய பையில் புத்தகங்களுக்கும் மேலே இருந்தவை சேறு காய்ந்த இரண்டு சப்பாத்துகள். நாங்கள் ஊரில் உதைபந்தாட்டம் என்போம், அவர்களுக்குச் சாக்கர். அவன் இடதுபக்கக் காவல் ஆட்டக்காரன். அந்த ஆட்டத்துக்காகவே அமெரிக்கக் கல்லூரி ஒன்று அவனுக்குச் சும்மா படிப்புக் கொடுத்திருந்தது. தகப்பன் ஒன்ராறியோவில் ஓர் எஃகு ஆலையில் உலைக்கு முன்னால் நின்று வேலை செய்கிறவர். இரவு வேலை முடிந்து வந்து, உடுப்பு மாற்றாமல், மகனைக் காரில் ஏற்றிக்கொண்டு பனிக்குள்ளால் ஆட்டத்துக்கு ஆட்டம் கொண்டுபோனவர். தேத்தண்ணீர்ப் போத்தலும் கையுமாக வேலியோரம் நின்று பார்ப்பாராம். அவன் ஒருநாள் கோப்பை துடைத்துத் தந்துகொண்டே தன் ஆசையைச் சொன்னான். சனம் டிக்கெட் வாங்கிப் பார்க்கிற மைதானம் ஒன்றில் தான் ஒருமுறை விளையாட வேண்டும், அதைத் தகப்பன் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். உலகக் கிண்ணம் அது இது என்று பெரிதாக ஒன்றும் அவன் கேட்கவில்லை.

மெல்பேர்னில் அதற்கு வழியில்லை என்று எனக்கே தெரிந்தது. அங்கே ஃபுட்டி என்றால் வேறு விளையாட்டு. கையாலும் பிடிப்பார்கள், காலாலும் உதைப்பார்கள், ஆள்மேல் ஆள் ஏறிப் பாய்வார்கள். அதற்குத்தான் ஊரே கூடும். சாக்கரோ, கப்பலில் வந்து குடியேறிய சனங்களின் ஆட்டம்: கிரேக்கர், இத்தாலியர், மால்டாக்காரர். அவன் கிரேக்கரின் சிறிய கழகம் ஒன்றில் போய்ச் சேர்ந்தான். அதன் பயிற்சியாளர் காலையில் பழக்கடை நடத்துகிறவர், மாலையில் மைதானத்தில் கத்துகிறவர். என் கணவரும் கூடவே போனார். இவர் பள்ளிக்கூட நாளில் கோலுக்கு நின்றவர். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பதுபோல, வந்த மூன்றாம் கிழமையே கோல்காப்போருக்குப் பயிற்சி கொடுக்கிற ஆளாகிவிட்டார். நான் ஒருநாள் ஒரு சட்டி உளுந்துவடை கொண்டுபோனேன். அதன்பிறகு நான் வராவிட்டால் அந்தக் கிரேக்கர்கள் என் சுகத்தை விசாரித்தார்கள். உண்மையில் வடையின் சுகத்தை.

தைப்பொங்கல் அன்று காலை டெலிபோன் அடித்தது. கனடாவிலிருந்து தகப்பன். உலைச் சத்தத்துக்குள் நின்று கத்திப் பழகிய தொண்டை, நடையில் நின்று அவன் கேட்டது குசினி அடுப்படிவரை எங்களுக்கும் கேட்டது. அவன் டெலிபோனை வைத்துவிட்டு வந்து கதிரையில் இருந்து, அமெரிக்க லீக்கில் ஓர் அணி தன்னை நாலாம் சுற்றில் எடுத்திருக்கிறது என்று சொல்லிவிட்டு, பொங்கல் இன்னும் இருக்கிறதா என்று கேட்டான். என் கணவர் குதித்த குதியில் அலுமாரிக் கோப்பைகள் ஆடின.

நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். "எப்ப வேலையில சேர வேணுமாம்? சம்பளம் என்னவாம்?"

அவன் சிரித்தான். பிறகு என் சரக்கு டின்களை எல்லாம் எடுத்து மேசையில் வரிசையாக வைத்தான். மிளகாய்த்தூள், மஞ்சள், சீரகம், கொத்தமல்லி. இவைதான் அணிகள் என்றான். கூடையிலிருந்து உருளைக்கிழங்குகளைக் கொட்டினான். இவர்கள் கல்லூரி ஆட்டத்தை முடித்த பொடியன்கள். வருடத்துக்கு ஒருமுறை, பனிக்காலத்தில், அணிக்காரர்கள் கூடி ஆள் பிரிப்பார்கள். அதற்குத்தான் டிராஃப்ட் என்று பெயர். போன வருடம் கடைசியாக வந்த அணிக்கு முதல் தெரிவு, வென்ற அணிக்குக் கடைசித் தெரிவு. எளியவன் கொஞ்சம் எழும்பட்டும் என்ற நியாயம். எல்லோரும் ஒவ்வொரு ஆளை எடுத்தால் ஒரு சுற்று முடிந்தது. பிறகு அடுத்த சுற்று. முதல் சுற்றில் பெரிய கிழங்குகள் போய்விட்டன. நாலாம் சுற்றில் மேசையில் மிஞ்சிக் கிடந்தவற்றுள் முளைவிட்ட ஒரு சின்னக் கிழங்கை எடுத்து, சீரக டின்னுக்குப் பக்கத்தில் வைத்து, இதுதான் நான் என்றான்.

மஞ்சள் டின் அவனுடைய சொந்த மாகாணத்து அணியாம். அந்த லீக்கில் கனடா அணிகளும் இருந்தன. மஞ்சள் டின் சுற்றுக்குச் சுற்று அவனைத் தாண்டிப் போயிருந்தது. அதைச் சொன்னபோது மட்டும் அவன் டின்னைத் திருப்பிச் சுவர்ப்பக்கம் பார்க்க வைத்தான்.

எனக்குக் கேள்விகள் வந்தன. எந்த அணி வேண்டும் என்று பொடியன் சொல்ல முடியாதா? முடியாது. மஞ்சள் டின் மனம் மாறி நாளைக்குக் கூப்பிட்டால் போகலாமா? போக முடியாது, இனி அந்த லீக்கில் அவனைக் கேட்கிற உரிமை சீரக டின்னுக்கு மட்டும்தான். அப்படியென்றால் சீரக டின் அவனைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ள வேண்டுமா? அதுவும் இல்லை. பயிற்சி முகாமுக்கு வா என்று கூப்பிடும், பார்க்கும், பிடித்தால் கையெழுத்து வாங்கும், பிடிக்காவிட்டால் கைகொடுத்து அனுப்பிவிடும்.

எனக்கு இரத்தம் தலைக்கேறிவிட்டது. ஏனென்றால் இந்த டிராஃப்டுக்குள் நான் ஏழு வருடம் இருந்தவள். எனக்கு ஒரு மாமி மகன் இருந்தான். முறை மச்சான், உரிமை மச்சான். எனக்கு எங்கேயாவது நல்ல இடத்தில் பேச்சு வந்தால், முதலில் மச்சானைக் கேட்டீர்களா என்று சனம் கேட்கும். அவன் கட்டவும் மாட்டான், விடவும் மாட்டான். சைக்கிளில் வந்து இருந்து மோர் குடித்துவிட்டுப் போவான். நான் இதைச் சொன்னதும் கனடாக்காரன் மேசையில் தலைவைத்துச் சிரித்தான். பல்கலைக்கழகத்தில் நாலு வருடம் படித்தும் டிராஃப்டை இவ்வளவு தெளிவாக ஒருவரும் தனக்கு விளக்கவில்லையாம். அன்று முதல் என் வாயில் அவன் நாலாம் சுற்று மாப்பிள்ளை.

நான் விளங்கிக்கொண்டது சரி, என் கணவர் விளங்கிக்கொள்ளவில்லை. தை பிறந்தால் வழி பிறக்கும், பிறந்துவிட்டது என்று அன்று பகலே எல்லோருக்கும் டெலிபோன் எடுத்துவிட்டார். கிளேட்டனைச் சுற்றி அப்போது இருந்த தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் சேர்ந்தாலும் ஒரு குசினிக்குள் அடங்கும். எல்லாருக்கும் மூத்தவர் மதுரைப் பக்கத்து விரிவுரையாளர் ஒருவர், எங்களுக்கு அங்கிள். அந்த ஞாயிற்றுக்கிழமையே அவர் தலைமையில் எங்கள் பின்வளவில் பெரிய விருந்து நடந்தது. வாசலில் பூத்திருந்த செவ்வந்தியைக் கட்டி மாலை போட்டார்கள். தான் குளிர்நாட்டில் படித்த காலத்து முழங்கால்வரை நீண்ட கம்பளிக் கோட்டு ஒன்றை அங்கிள் கொண்டுவந்து, கொதிக்கிற வெயிலில் அவன் தோளில் போர்த்தினார். இன்னொருவர் பயணப் பெட்டி கொடுத்தார். ஓர் அன்ரி அமெரிக்காவில் உள்ள தன் அண்ணன் வீட்டு விலாசம் கொடுத்து, சனி ஞாயிறு அங்கே போய்ச் சாப்பிடும்படி சொன்னார். பக்கத்து வீட்டு ஆஸ்திரேலியர் வேலிக்கு மேலால் தலையை நீட்டி, என்ன கல்யாணமா என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு டிராஃப்ட் பிடிக்கவில்லை. ஃபுட்டியில் ஆட்களை இப்படிப் பங்கு போடுவதில்லையாம், உன் வீடு எந்தப் பகுதியில் இருக்கிறதோ அந்தப் பகுதிக்குரிய அணிக்குத்தான் நீ, அதுதான் ஒழுங்கு என்றார். பிறகு வேலியால் ஏறி வந்து வடை சாப்பிட்டார்.

கோட்டுக்குள் வேர்த்துக்கொண்டு நின்ற பொடியன், இது முகாமுக்கான அழைப்பு மட்டும்தான் என்று நாலைந்து பேரிடம் சொல்லிப் பார்த்தான். ஒருவர் காதிலும் ஏறவில்லை. இதில் எங்கள் ஆட்களைக் குறைசொல்லவும் முடியாது. இலங்கையாகட்டும் இந்தியாவாகட்டும், சோதனை எழுதித் தெரிவுப் பட்டியலில் பெயர் வந்துவிட்டால் வேலை கிடைத்ததுதான். மிச்சமெல்லாம் சடங்கு. ஆளைத் தெரிவுசெய்த பிறகு பிடிக்கவில்லை என்று திருப்பி அனுப்புகிற வழக்கம் எங்களுக்குக் கல்யாணச் சந்தையில் மட்டும்தான் தெரியும்.

நான் அங்கிளிடம் மெல்லச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்.

"அவன் அடக்கத்துல சொல்றாம்மா. செலக்‌ஷன் ஆயாச்சுன்னா வேலை முடிஞ்ச மாதிரிதான். இனிமே போய் ஜாயின் பண்ண வேண்டியதுதான் பாக்கி."

பிள்ளை பிறக்குமுன் பேர் வைத்துத் தொட்டிலும் ஆட்டி முடித்துவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். மறுநாள் பொடியன் குசினிக்கு வந்து, கோட்டை மடித்துக் கதிரையில் வைத்தான். இதைத் திருப்பிக் கொடுத்தால் அங்கிள் கோபிப்பாரா என்று கேட்டான். அப்போதுதான் அவன் போக நினைக்கவே இல்லை என்பது எனக்கு விளங்கியது.

அவன் கணக்கு இப்படி. முகாமுக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் திரும்பிப் போகிறவர்கள்தான். முதல் சுற்றில் எடுத்தவர்களையே கைகழுவி விடுவார்கள், நாலாம் சுற்றுக்காரனை யார் கேட்பார்கள்? கனடாக்காரன் என்பதில் ஒரு நன்மை இருந்தது. மைதானத்தில் நிற்பவர்களில் சிலராவது அந்தக் கண்டத்துப் பிள்ளைகளாக இருக்க வேண்டும் என்று லீக் சொல்லியிருந்தது, கனடாக்காரரும் அதில் சேர்த்தி. ஆனால் அந்தச் சிலரைக் கறிக்கு உப்புப் போடுவதுபோல அளவாகத்தான் போடுவார்களாம். மிச்ச இடமெல்லாம் இங்கிலாந்திலிருந்தும் ஸ்கொட்லாந்திலிருந்தும் பிரேசிலிலிருந்தும் வந்து இறங்குகிற, வயது போன, பெயர் போகாத ஆட்டக்காரருக்கு. உள்ளூர்ப் பொடியன் பெஞ்சில் இருந்து பழுத்துப்போவான். சம்பளமும் அரை வருடத்துக்குத்தான், மிச்சத்துக்கு வேறு வேலை தேட வேண்டும்.

இவையெல்லாம் நியாயமான காரணங்கள். ஆனால் உள்ளே இருந்த காரணம் கடைசியில்தான் வந்தது. போகாமல் விட்டால், என்னை ஓர் அணி எடுத்தது என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லலாம். போய்த் திரும்பினால் வேண்டாம் என்று அனுப்பப்பட்டவன் ஆகிவிடுவான். அதைத் தகப்பன் கேட்க வேண்டி வரும். அவ்வளவு பனிக்குள்ளால் கார் ஓட்டிய மனிதருக்கு அந்தச் செய்தியைச் சொல்லத் தனக்கு வாய் வராது என்றான். சொல்லும்போது சப்பாத்தின் சேற்றை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தான். அதைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. நிலத்தை வேறு ஊத்தையாக்கிக்கொண்டிருந்தான்.

நான் மாமி மகன் கதையின் மிச்சத்தைச் சொன்னேன். ஏழாம் வருடம் ஒரு வெள்ளிக்கிழமை நானே அவன் வீட்டுக்குப் போனேன். முன்விறாந்தையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தவன் முன்னால் போய் நின்று, கட்டுகிறாயா இல்லையா, இப்போது சொல் என்றேன். எங்கள் குடும்பத்தில் பெண்பிள்ளை அப்படிக் கேட்டதாகச் சரித்திரம் இல்லை. அவன் பேப்பரை இறக்காமலே இல்லை என்றான். வீட்டுக்கு வந்து, சுடச்சுடப் புட்டும் மாம்பழமும் சாப்பிட்டு, சாயந்தரம்வரை நித்திரை கொண்டேன். அதற்கு அடுத்த மாதம் வந்த பேச்சுத்தான் இந்தக் கோல்காப்போர், என் கணவர்.

"அவை எடுக்கினமோ இல்லையோ, நீ நேர போய் முகத்தைக் காட்டிக் கேள்," என்றேன். "இல்லை எண்டதும் ஒரு மறுமொழிதான். கேக்காமல் இருந்தியெண்டா வாழ்நாள் முழுக்க மோர் குடுத்துக்கொண்டிருப்பாய்."

அவன் கோட்டை எடுத்துக்கொண்டு பின்வளவுக்குப் போனான். பேராசிரியரிடம் என் கணவர்தான் பேசப் போனார். அந்த மனிதர் ஃபுட்டிப் பைத்தியம், சாக்கரை மதிக்காதவர். ஆனால் ஓர் ஆட்டம் ஒரு மனிதனை என்ன செய்யும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. மண் எங்கேயும் ஓடிப்போகாது, போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல், குளிர் தொடங்குமுன் வந்தால் இடம் இருக்கும் என்றாராம். தகப்பன் டிக்கெட் அனுப்பினார். மாசி மாதம் பொடியன் பறந்தான், கையில் கோட்டு, காலில் செருப்பு.

பிறகு எங்கள் பாடுதான் பெரும்பாடு. என் கணவர் மெல்பேர்ன் பேப்பரின் விளையாட்டுப் பக்கத்தைக் காலையில் கடைசி வரிவரை தேடுவார். கிரிக்கெட், குதிரை, ஃபுட்டி. அமெரிக்கச் சாக்கர் என்று அதில் ஒரு சொல் வந்ததே இல்லை. செய்தி இல்லாத இடத்தில் கதை முளைக்கும்தானே. அன்ரியின் அண்ணன் அவனைத் தொலைக்காட்சியில் பார்த்தார் என்று ஒரு கதை. பிரேசில்காரர் ஒருவர் அவனைத் தன் தம்பி என்று அழைக்கிறார் என்று இன்னொரு கதை. அஞ்சலட்டை ஒன்றுதான் வந்தது. முதல் ஆள்கழிப்பில் தப்பிவிட்டேன், குளிர் பயங்கரம், கோட்டுக்கு நன்றி என்று அதில் எழுதியிருந்தது. அங்கிள் அதைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய் இரண்டு கிழமை வைத்திருந்தார்.

சித்திரையில் தந்தி வந்தது. வியாழக்கிழமை வருகிறேன்.

விமான நிலையத்தில் அவன் கோட்டைத் தோளில் போட்டபடி வெளியே வந்தபோது, போன மச்சான் திரும்பி வந்தான் பூமணத்தோட என்று என் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. என் கணவர் என் காலை மிதித்தார். அவன் முகத்தைப் பார்த்ததும் எனக்கும் அதைச் சொல்ல மனம் வரவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நாங்கள் வெயிலைப் பற்றிக் கதைத்தோம்.

அன்று மாலையே சனத்தின் வரவு தொடங்கியது. முதலில் அங்கிளும் மனைவியும் ஒரு மூடிய சட்டியில் எலுமிச்சம் சாதத்தோடு வந்தார்கள். வந்து முன்னறையில் இருந்து நிலத்தைப் பார்த்தார்கள். பிறகு பெட்டி கொடுத்தவர், பிறகு விலாசம் கொடுத்த அன்ரி. எல்லோர் கையிலும் ஒவ்வொரு மூடிய சட்டி. பொடியனைக் கண்டதும் எழும்பித் தோளைத் தட்டுவார்கள், பெருமூச்சு விடுவார்கள், இருப்பார்கள். எங்கள் சனத்தில் ஒரு பிள்ளை சோதனையில் தவறினால் அந்த வீட்டில் சோதனை என்ற சொல்லையே ஒருவரும் எடுப்பதில்லை. அந்த மரியாதையை அவனுக்குச் செய்தார்கள். என் கணவர் பேப்பரின் விளையாட்டுப் பக்கத்தைக் கிழித்து எடுத்துவிட்டுத்தான் மேசையில் வைத்தார். பின்வளவில் கிடந்த பந்தை எங்கேயோ ஒளித்துவிட்டார். செத்த வீடென்றாலாவது ஒப்பாரி வைத்து மனத்தை ஆற்றுவார்கள். இது அதிலும் மோசம். மூன்று நாள் மாலை இப்படியே நடந்தது. எங்கள் ஐஸ்பெட்டியில் சட்டி வைக்க இடமில்லாமல் போனது.

மூன்றாம் நாள் நான் குசினியில் கோபத்தோடு அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தேன். பொடியன் சத்தமில்லாமல் உள்ளே வந்து கதவைச் சாத்தினான். கண்ணெல்லாம் பயம்.

"அக்கா, ஆர் செத்தது?"

எண்ணெய்க்குள் அப்பளம் கருகியது. நான் சிரிக்கத் தொடங்கி நிறுத்த முடியாமல் நின்றேன். ஒருவரும் சாகவில்லை, உன்னுடைய உதைபந்துதான் செத்துவிட்டது, அதற்குத்தான் இந்தச் சனம் துக்கம் விசாரிக்க வந்திருக்கிறது என்றேன். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு வந்த கோபம் அவன்மேல் இல்லை, முன்னறையில் இருந்தவர்கள்மேல், அவர்களோடு சேர்ந்து மூன்று நாள் வெயிலைப் பற்றிக் கதைத்த என்மேல். கரண்டியை வைத்துவிட்டு நேரே கேட்டேன், நீ விளையாடினாயா இல்லையா?

விளையாடினேன் என்றான், மிகச் சாதாரணமாக. ஏன் அதை எழுதவில்லை என்று கேட்டேன். வந்து சொல்லலாம் என்று வைத்திருந்தானாம். வந்த நாள் தொடக்கம் ஒருவரும் கேட்கவில்லையாம்.

ஆட்டப் பருவம் தொடங்குமுன் வெளியூர் அணி ஒன்றோடு பயிற்சி ஆட்டம். நகரத்து மைதானத்தில், வாசலில் டிக்கெட் விற்றுத்தான். பிற்பாதியில் அவனை இறக்கினார்கள். எதிரே வலதுபக்கத்தில் ஓர் ஆங்கிலேயக் கிழவன், வழுக்கைத் தலை, பெரிய பெயர். முதல் இரண்டு தரம் அந்த ஆள் இவனைப் பம்பரம்போலச் சுற்றவிட்டுவிட்டுப் போனான். மூன்றாம் தரம் பொடியன் காலை நீட்டி, ஆளைத் தொடாமல், பந்தை மட்டும் துப்புரவாகப் பறித்து முன்னுக்கு அனுப்பினான். கோல் ஒன்றும் விழவில்லை. ஆட்டம் முடியும்வரை நின்று விளையாடினான். மறுநாள் காலை மேலாளர் கூப்பிட்டு, உன் இடத்துக்கு ஸ்கொட்லாந்திலிருந்து ஆள் வருகிறது என்று சொல்லிக் கைகொடுத்தார். இல்லை என்று சொன்ன அந்த மனிதர் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாராம், பேப்பருக்குப் பின்னால் ஒளியவில்லையாம். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான்.

"தகப்பன்?" என்றேன்.

தகப்பன் வந்திருந்தார். இரவு வேலை முடிந்து, எல்லை தாண்டி, பகல் முழுக்கக் கார் ஓட்டி வந்திருந்தார். ஆட்டக்காரரின் வீட்டாருக்கு வாசலில் இலவச அனுமதிச் சீட்டு வைத்திருந்தார்கள். அவருக்கும் ஒன்று கொடுத்தார்கள். அவர் அதை வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, போய் வரிசையில் நின்றார். கூண்டுக்குள் இருந்த பெண், உங்களுக்குத் தேவையில்லை ஐயா, நீங்கள் சும்மா உள்ளே போகலாம் என்று சொன்னாளாம்.

"அவர் கேக்கேல்லை அக்கா. 'இவ்வளவு காலமும் இவன்ரை ஆட்டத்தைச் சும்மாதான் பாத்தனான், இண்டைக்கு வாங்கித்தான் பாப்பன்' எண்டு சொல்லி டிக்கெட் வாங்கினவர்."

நான் அழுதேன். அடுப்புப் புகை என்று சொல்லவும் இல்லை. பிறகு அடுப்பை அணைத்துவிட்டு, அவன் கையைப் பிடித்து முன்னறைக்கு இழுத்துக்கொண்டு போய், சட்டிகளோடு நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களிடம், எல்லோரும் எழும்பி இவனுக்குக் கைகொடுங்கள் என்றேன்.